சென்னை அணி, கோயம்புத்தூர் மைதானம்: இராமநாதபுரம் கரையிலிருந்து போய்ப் பார்க்கலாமா?

பரமக்குடி வாசகர் கேட்டது, 8 பிப்ரவரி 2019

கால்பந்து அணி, சென்னை சிட்டி என்று பெயர். உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் கோயம்புத்தூரில். சென்னைக்காரர் தம் அணி என்று சொல்ல முடியாது, கோயம்புத்தூர்க்காரர் தம் ஊர்ப் பெயரைச் சட்டையில் பார்க்க முடியாது. இப்படி ஊர் மாறி ஆடும் அணிக்காக நம் மாவட்டத்திலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து போவதில் என்ன அர்த்தம்? தொலைக்காட்சியில் பார்த்தால் போதாதா?

9 பிப்ரவரி 2019

போங்கள். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் பட்டியலில் இந்த அணி முதலிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து எந்த அணியும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. இந்தப் பருவத்தில் பார்க்காமல் எப்போது பார்க்கப் போகிறீர்கள்?

பெயர் உங்களை உறுத்துகிறது. தங்கச்சிமடத்தில் இருக்கும் எனக்கு உறுத்தவில்லை. சென்னையும் எனக்கு வெளியூர், கோயம்புத்தூரும் வெளியூர். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தெற்கே திரும்பினால் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இத்தனை நீளக் கரையில் மாலை ஆனால் பையன்கள் பந்தோடு இறங்குகிறார்கள். ஆனால் சம்பளம் வாங்கி ஆடும் வீரர்களின் ஆட்டம் ஒன்றை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு எல்லா ஆட்டமும் ஊர் தாண்டிய ஆட்டம்தான். அப்படியிருக்க, எந்த ஊர் பக்கம் என்பதுதான் எனக்கு முதல் கணக்கு.

இராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கோயம்புத்தூர் 210 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சென்னை என்றால் 500 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் பரமக்குடி, எங்களைவிட மதுரைக்குப் பக்கம். இந்த அணி 2017-18 பருவத்தில் கோயம்புத்தூருக்கு மாறியபோது சென்னை ரசிகர்களுக்கு வலித்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தெற்கு மாவட்டங்களுக்கு அந்த அணி 200 கிலோமீட்டர் நெருங்கி வந்தது.

9 பிப்ரவரி 2019, இரவு

தூரத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். திரும்பி வருவதுதான் உண்மையான சிக்கல், அதைச் சொல்ல வேண்டும்.

சென்னைக்குப் போவது சுலபம். இரவு ரயிலில் படுத்தால் காலையில் எழும்பூர். (இப்போது பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு இரும்புப் பகுதியில் பழுது என்பதால் டிசம்பரிலிருந்து மண்டபத்தில்தான் ஏற வேண்டும். தீவுக்காரர்களுக்கு அது கூடுதல் அலைச்சல்.) ஆனால் சென்னையிலேயே ஆடும் மற்றோர் அணி சென்னையின் எஃப்.சி. அது ஆடும் ஐ.எஸ்.எல். என்ற இன்னொரு தேசிய லீக்கின் ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது. சேது எக்ஸ்பிரஸும் அதற்கு அடுத்த இராமேஸ்வரம் ரயிலும் அதற்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஓர் இரவு அறை எடுக்க வேண்டும், அடுத்த பகலும் போய்விடும். நாள் கூலிக்குக் கடலுக்குப் போகிறவனுக்கு அது இரண்டு நாள் வருமானம்.

கோயம்புத்தூர் ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. ஏழு மணிக்குள் வெளியே வரலாம். சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் போனால் மதுரை பஸ் எப்போதும் நிற்கும். நள்ளிரவு தாண்டி ஆரப்பாளையம், அங்கிருந்து மாட்டுத்தாவணி, விடியும்போது இராமநாதபுரம். உடம்பு நோகும். ஆனால் அறை வாடகை இல்லை, மறுநாள் வேலையும் கெடாது.

14 பிப்ரவரி 2019

சாயல்குடி நண்பர் தொலைக்காட்சியே போதும் என்கிறார். அவர் பந்தைப் பார்க்கிறார். கேமரா பந்தின் பின்னால் போகிறது, ஆகவே அவரும் பந்தின் பின்னால் போகிறார்.

எங்கள் பையன்கள் மணலில் ஆடி வளர்ந்தவர்கள். மணலில் பந்து உருளாது. தரையோடு ஒரு பாஸ் கொடுத்தால் பத்தடி போய்ப் புதைந்து நிற்கும். அதனால் எல்லோரும் பந்தைத் தூக்கித்தான் ஆடுவார்கள், அல்லது காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தனியே ஓடுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூக்கிய பந்தும் கடலை நோக்கிப் போகும். கரைக்கு இணையாகக் கோல் கம்பங்களை நட்டு, காற்றுப் பக்கம் ஒருவனைப் பந்து பொறுக்க நிறுத்துவோம். கெண்டைக்கால் இரும்பாகும், மூச்சு நீளும், எல்லாம் சரி. ஆனால் பந்து இல்லாதபோது எங்கே நிற்பது என்பது இந்த ஆட்டத்தில் வராது. இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் முதல்முறை இறங்கும் எங்கள் ஊர்ப் பையன் முதல் பத்து நிமிடம் தடுமாறுவது இதனால்தான்.

சென்னை சிட்டியின் முன்கள ஆட்டக்காரர் பெட்ரோ மான்ஸி பந்தைத் தொடுவதற்கு முன் என்ன செய்கிறார் என்று தொலைக்காட்சியில் தெரியாது. கேலரியில் உட்கார்ந்தால் தெரியும். தற்காப்பு ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் நழுவி நிற்பது, இரண்டடி முன்னே வந்து மறுபடி பின்னால் போவது, அந்த இரண்டடியில் சக ஆட்டக்காரர் நெஸ்டர் கோர்டியோவுக்கு வழி திறப்பது. பையன்களுக்கு இதை மைதானத்தில் காட்ட வேண்டும். அதற்காகத்தான் பயணம்.

17 பிப்ரவரி 2019

"சொந்த ஊர் கூட்டம் இல்லாமல் ஓர் அணி எப்படி வெல்லும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2015 டிசம்பர் நினைவிருக்கிறதா? சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதி உள்ளூர் ஆட்டத்தை அங்கே நடத்த முடியவில்லை. புனேயின் பாலேவாடி மைதானத்துக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12 அன்று அந்த வேற்று மாநில மைதானத்தில் கொல்கத்தாவை 3–0 என்று வென்றார்கள். பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆளுக்கொரு கோல். கொல்கத்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 2–1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் தப்பினார்கள். இறுதி ஆட்டமோ கோவாவில், கோவா அணிக்கு எதிராக, அவர்கள் கூட்டத்தின் நடுவில். 3–2. கோப்பை சென்னைக்கு வந்தது.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த மனிதர்கள் அந்த ஆட்டத்தை எங்கே, எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது பலமுறை யோசித்தேன். மாடியில், யாரோ ஒருவரின் கைபேசியில். அணி புனேயில் ஆடியதால் அவர்களுடைய அணியாக இல்லாமல் போய்விட்டதா?

1 மார்ச் 2019

இந்த வாரம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரியல் காஷ்மீர் அணிக்கு ஐ-லீக்கில் இதுதான் முதல் பருவம். ஸ்ரீநகரின் செயற்கைப் புல் தரையில், அந்தக் குளிரில், பெரிய அணிகளையெல்லாம் திணறவைத்தார்கள். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுடனான உள்ளூர் ஆட்டம் டெல்லிக்கு மாறியது. நேற்று 2–1 என்று தோற்றார்கள்.

ஆகவே பரமக்குடிக்காரர் சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். மைதானம் மாறினால் ஆட்டம் மாறும். குளிர், தரை, கூட்டம் எல்லாம் ஓர் அணியின் பலத்தில் சேர்த்தி. புனேயைச் சொன்னபோது நான் அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஓர் இரவில் இடம் மாற்றப்படும் அணிக்கு நடப்பது இழப்பு. பருவம் முழுக்க ஓர் ஊரில் தங்கி, அங்கேயே பயிற்சி எடுத்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முகம் தெரியும்படி ஆடும் அணியின் கதை வேறு. சென்னை சிட்டி இரண்டாவது வகை.

டெல்லி முடிவு நமக்கும் பாதகம். ஈஸ்ட் பெங்கால் பின்னாலேயே வருகிறது.

5 மார்ச் 2019

கடைசிச் சுற்றுக்கு முன் சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கடைசி ஆட்டம் மினர்வா பஞ்சாபுடன், கோயம்புத்தூரில், 9-ஆம் தேதி, சனிக்கிழமை. வென்றால் கோப்பை. போகிறோம்.

சனிக்கிழமை என்பதில் எங்கள் பக்கம் ஒரு வருத்தம் உண்டு. வெளியூர் நண்பர்களுக்குப் புரிவதற்காக எழுதுகிறேன். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு திங்கள், புதன், சனி என்று முறை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். எங்கள் அணியில் நன்றாக ஆடும் பையன்களில் பாதிப்பேர் விசைப்படகில் போகிறவர்கள். சம்மாட்டியிடம் (படகு முதலாளி) ஒரு நாள் கேட்டால் கொடுப்பார், ஆனால் அந்தப் பயணத்தின் பங்கு போய்விடும். ஆகவே வருகிறவர்கள் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகளும், கல்லூரியில் படிப்பவர்களும், கீழக்கரையிலிருந்து சேர்ந்துகொள்ளும் நண்பர்களும்தான்.

இன்னொன்று. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கரை முழுக்க ஆண்கள் வேலையில்லாமல் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருக்கும் காலம் அது. அப்போது ஆண்கள் லீக் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. எங்கள் ஓய்வும் கால்பந்துப் பருவமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

11 மார்ச் 2019

சாம்பியன்! 3–1.

எல்லோரும் மொத்தமாகக் கேட்கிறீர்கள், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம் ஊருக்கு நடுவே, வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிச்சுற்றில் கேலரிக்கு அடியிலேயே கடைகள். முதன்முறை வருகிறவருக்கு அது கடைத்தெருவா மைதானமா என்று சட்டென்று பிடிபடாது. உள்ளே போனால் பச்சைத் தரை. எங்களோடு வந்த சிறுவன் ஒருவன் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதில் பந்து எவ்வளவு தூரம் உருளும் அண்ணே?" என்று கேட்டான். ஆட்டம் தொடங்கட்டும், பார் என்றேன்.

கேலரிக்கும் தரைக்கும் இடையே ஓட்டப் பாதை இருப்பதால் வீரர்கள் கொஞ்சம் தள்ளித்தான் தெரிகிறார்கள். கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்களில் கிடைக்கும் நெருக்கம் இல்லை. அதைச் சரிக்கட்டும் ஒரு வழி: மேல் வரிசைக்குப் போங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு அணிகளின் வரிசைகளும் முன்னும் பின்னும் நகர்வது தெளிவாகத் தெரியும்.

ஆட்டம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் மினர்வா கோல் போட்டது. பிலாலா. மைதானம் அடங்கிவிட்டது. இடைவேளை வரை அதே 0–1. எல்லோர் கையிலும் கைபேசி, எல்லோரும் கோழிக்கோட்டு நிலவரத்தைப் பார்க்கிறார்கள். அங்கே கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும் அதே ஐந்து மணிக்குத் தொடங்கியிருந்தன. அந்த நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டாலே கோப்பை கொல்கத்தா போய்விடும். கீழக்கரை காக்கா (அண்ணன்) ஒருவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டு, "இங்கே நடப்பதைப் பார்ப்போம் தம்பி, அங்கே நடப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும்" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு பெனால்டி. மான்ஸி. அந்தப் பருவத்தில் அவருக்கு அது 21-ஆவது கோல். பிறகு கௌரவ் போரா, அசாம்காரர். அவர் போட்ட கோலில் கேலரி எழுந்தது எழுந்ததுதான், அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை என்ற செய்தி ஒருமுறை ஓடியது, பிறகு ஈஸ்ட் பெங்கால் சமன் செய்துவிட்டது என்று, பிறகு முந்திவிட்டது என்று. அங்கே அவர்கள் வென்றுவிட்டதால் இங்கே ஒரு கோல் வாங்கினாலும் கதை முடிந்தது. கடைசி நிமிடங்களில் போரா மறுபடியும் ஒரு கோல் போட்டார். சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். எங்களை எந்த ஊர் என்று விசாரித்தார்கள். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றதும், "இதற்காகவா வந்தீர்கள்!" என்று அந்த அம்மா வியந்தார். கோப்பை உறுதியானபோது அந்தச் சின்னப் பெண் "சென்னை, சென்னை" என்று கத்தினாள். கோயம்புத்தூரில் பிறந்த பிள்ளை. அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

சிறுவன் திரும்பும் வழியில் தாராபுரம் தாண்டும்வரை தூங்கவில்லை. பந்து உருளும் தூரத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. சென்னை சிட்டியின் நடுக்கள ஆட்டக்காரர் சான்ட்ரோ பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

12 மார்ச் 2019

உணவு பற்றிக் கேட்டவருக்கு: புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். கீழக்கரை நண்பர்கள் தொதல் என்ற இனிப்பு கொண்டுவந்தார்கள், அது பக்கத்துக் குடும்பத்துக்கும் போனது. மாலை ஆட்டம் முடிந்து சிங்காநல்லூர் பக்கமே சாப்பிட்டுவிடுங்கள். இரவு பஸ் வழியில் நிறுத்தும் இடங்களில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிப் பசியோடு ஏறாதீர்கள்.

20 மார்ச் 2019

இந்த வெற்றியில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு, கோல் போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்தானே என்று ஒரு குரல். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர், மான்ஸி உருகுவேயில் பிறந்தவர், உண்மை. எட்வின் சிட்னி, மைக்கேல் ரெஜின் போன்றவர்கள் யார்? ரெஜினும் அவர் சகோதரர் சூசைராஜும் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊரில் மணலில் ஆடி வந்தவர்கள். சூசைராஜ் இதே அணிக்கு முந்தைய பருவம் ஆடிவிட்டுத்தான் ஐ.எஸ்.எல். போனார். எங்கள் கரைப் பையன்களுக்கு நான் காட்டும் ஆட்கள் இவர்கள். அதே மணல், அதே காற்று, அதே வலை வீடு. அங்கே ஊருக்கு ஊர் பயிற்சியும் போட்டியும் தலைமுறைகளாக நடக்கின்றன. இங்கே ஆர்வம் இருக்கிறது, பார்க்க ஆட்டம் இல்லை.

நேரில் ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்த பையன் எப்படி மாறுகிறான் என்பதை இந்தப் பத்து நாளாகப் பார்க்கிறேன். அந்தச் சிறுவன் மணலிலும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பந்தை வாங்குகிறான். மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறான்.

24 மே 2019

நேற்று முன்தினம் சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. மதுரையை மையமாகக் கொண்ட அணி. இறுதியில் மணிப்பூர் போலீசை 3–1 என்று வென்றார்கள். எங்கே? பஞ்சாபின் லூதியானாவில். லீக் ஆட்டங்கள் எல்லாமே ஒரே ஊரில் நடத்தப்படுவதால் உள்ளூர் ஆட்டம் என்று அந்தப் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இரண்டரை மாதத்துக்குள் இரண்டு தேசியக் கோப்பைகள் தமிழ்நாட்டுக்கு. ஒன்றை நேரில் பார்த்தேன். மதுரைக்கு வந்திருந்தால் இன்னொன்றுக்கு எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளையும் கூட்டிப்போயிருப்பேன். இது தடைக்காலம், அப்பாக்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், கூட்டிப்போக ஆளும் இருந்தது. சேது என்ற பெயரை மார்பில் போட்டுக்கொண்டு ஓடும் பெண்களைச் சேதுக்கரையின் பெண் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? இதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

13 மார்ச் 2020

ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையில் சென்னை சிட்டியின் முதல் உள்ளூர் ஆட்டம் நேற்று முன்தினம், மாலத்தீவின் மாசியாவுடன், 2–2. நடந்தது அகமதாபாத்தில். ஆசியப் போட்டிகளுக்கு மைதானத்துக்கும் தனித் தகுதி பார்ப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும், சென்னைப் பெயர், கோயம்புத்தூர்க் கூட்டம், குஜராத் மைதானம். இதற்கு நான் போக முடியாது, இங்கிருந்து யாராலும் முடியாது.

பரமக்குடிக்காரருக்கு இப்போது நானே சொல்கிறேன்: ஊர் மாறி ஆடுவதை எல்லா நேரமும் ஆதரிப்பவனல்லன் நான். மாறும்போது யாருக்குப் பக்கமாகிறது என்று கேட்பேன். கோயம்புத்தூர் மாற்றத்தில் திண்டுக்கல், மதுரை, இராமநாதபுரம் எல்லாம் பக்கமாயின. அகமதாபாத் மாற்றத்தில் அந்த அணியின் ரசிகர் ஒருவருக்கும் பக்கமாகவில்லை.

10 ஜனவரி 2021

தொற்றுக்காலத்தில் ஐ-லீக் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்தில், ஐ.எஸ்.எல். முழுவதும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல். இப்போது எல்லா ஊர் ரசிகர்களும் எங்கள் நிலைக்கு வந்திருக்கிறார்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

28 டிசம்பர் 2021

புதிய ஐ-லீக் பருவத்தில் சென்னை சிட்டி இல்லை. 2019-இல் கோப்பை வென்ற அணி. அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் பிள்ளைக்கு இதை யார் எப்படிச் சொன்னார்களோ.

இரண்டாண்டுக்கு முன் கோகுலம் ஆட்டத்துக்குக் கோழிக்கோடு போகலாம் என்று இங்கே பேச்சு வந்தது. கோயம்புத்தூர் வரை போகிறவர்களுக்குப் பாலக்காடு வழியாக அது எட்டும் தூரம்தான். ஆனால் திரும்பும் கணக்கு ஒத்துவராது. நாங்கள் போகவில்லை.

9 நவம்பர் 2023

நீண்ட நாள் கழித்து எழுதக் காரணம் ஷக்தார் டொனெட்ஸ்க் என்ற உக்ரைன் கால்பந்து அணி. நேற்று முன்தினம் சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவை 1–0 என்று வென்றார்கள். சிகான் கோல். அவர்களுடைய உள்ளூர் ஆட்டம், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில்.

2014-இல் போர் தொடங்கியதும் டொனெட்ஸ்கை விட்டு வெளியேறிய அணி. 2009-இல் திறந்த அழகான மைதானம் அங்கேயே கிடக்கிறது. பிறகு லிவிவ், கார்கிவ், கீவ். 2022-க்குப் பிறகு ஐரோப்பிய ஆட்டங்களுக்கு வார்சா, இப்போது ஹாம்பர்க். அந்த அணியின் சிறுவர் ரசிகர்களில் பலர் தம் அணியை டொனெட்ஸ்கில் பார்த்ததே இல்லை.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் நண்பர் ஒருவரோடு இந்த ஆட்டத்தின் காட்சிகளைப் பார்த்தேன். கோயம்புத்தூர் பயணத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். முகாமில் தணிக்கை நாள் என்பதால் வரவில்லை. தற்காப்பில் அவரைத் தாண்டிப் பந்து கொண்டுபோவது எங்கள் கரையில் பெரிய சாதனை. முகாமிலேயே பிறந்தவர், இலங்கையை அக்கரை வெளிச்சமாகத்தான் தெரியும். ஹாம்பர்க் கேலரியில் உக்ரைன் கொடிகளைப் போர்த்திக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "இவர்கள் எல்லோரும் அந்த ஊரில் இருந்து வந்து அங்கே தங்கியிருப்பவர்களா?" என்று கேட்டார். பலர் அப்படித்தான் இருப்பார்கள் என்றேன். "அப்படியென்றால் அது அவர்கள் ஊர் ஆட்டம்தான்" என்றார்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன பிறகு அங்கிருந்து வந்து எங்கள் தீவின் மற்ற ஊர்களில் குடியேறிய குடும்பங்களை இன்றும் தனுஷ்கோடிக்காரர் வீடு என்றுதான் சொல்கிறோம். ஷக்தாரும் அப்படித்தான் டொனெட்ஸ்க் அணியாக இருக்கிறது.

முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில்களில் நண்பர் சொன்னதைவிட நல்ல பதில் இல்லை.

8 ஏப்ரல் 2025

புதிய பாம்பன் பாலம் திறந்துவிட்டது. 2022 டிசம்பரிலிருந்து தீவுக்கு ரயில் இல்லாமல் இருந்தது. இனி இராமேஸ்வரத்திலேயே ஏறலாம். தாம்பரத்திலிருந்து புதிதாக ஒரு ரயிலும் விட்டிருக்கிறார்கள். அதுவும் மாலையிலேயே கிளம்பிவிடுகிறது, ஆகவே சென்னையில் இரவு ஆட்டம் பார்ப்பவருக்கு உதவாது. போகும் வழி நன்றாகிவிட்டது, திரும்பும் கணக்கு 2019-இல் எழுதியதேதான்.

14 டிசம்பர் 2025

இது ஹாக்கி. ஆனால் இங்கேதான் எழுத வேண்டும்.

இளையோர் உலகக் கோப்பையைச் சென்னை, மதுரை என்று இரண்டு ஊரில் பிரித்து நடத்தினார்கள். இந்தியா சுவிட்சர்லாந்துடனான ஆட்டத்தை மதுரையில் ஆடியது. 5–0. அன்று செவ்வாய்க்கிழமை. விசைப்படகுப் பையன்களும் வந்தார்கள்! எங்கள் ஊரிலிருந்து விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தேசிய அணியின் ஆட்டத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல்முறை. ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டறியாதவர்கள் பெனால்டி கார்னருக்கு எழுந்து நின்று கத்தினார்கள். இந்திய அணி சென்னையை விட்டு மதுரையில் ஆடியதால் எதுவும் குறைந்துவிடவில்லை, தெற்கத்திக் கூட்டம் கூடுதலாகக் கிடைத்தது.

அதே சிறுவனும் வந்திருந்தான். இப்போது சிறுவன் இல்லை, கல்லூரி அணியின் நடுக்கள ஆட்டக்காரன்.

15 டிசம்பர் 2025

தேவிபட்டினம் நண்பர், "சரி, கால்பந்துக்கு என்னதான் கேட்கிறீர்கள்?" என்கிறார். இதுதான்: தமிழ்நாட்டு அணி எதுவானாலும், ஆண்களோ பெண்களோ, ஒரு பருவத்தில் ஒரே ஓர் உள்ளூர் ஆட்டத்தை மதுரையில் வையுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தை அதற்குத் தயார் செய்யுங்கள். திங்கள், புதன், சனி வேண்டாம். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு எதுவும் சரி. மதுரையிலிருந்து எங்கள் பக்கம் இரவு முழுக்க பஸ் உண்டு, ஆகவே மின்னொளி ஆட்டமாக இருந்தாலும் திரும்பிவிடுவோம். தேதியை இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும், தனி பஸ் பேசிவிடலாம். தொண்டி முதல் மூக்கையூர் வரை ஆள் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.